இடதுகைப் பழக்கம், புதுசா வெட்டருவா புடிக்கிறேன். கால்ல படாம தப்பிச்சேன், வழி சொல்லுங்க

தோப்புக்குத் திரும்பினவன்:

எல்லாருக்கும் வணக்கம். பதிமூணு வருஷம் சென்னையில வேலை பாத்துட்டு போன தை மாசம் குடும்பத்தோட ஊருக்கே வந்துட்டேன். மானாமதுரைப் பக்கம், தாத்தா வச்ச தோப்பு ஒண்ணரை ஏக்கர், தென்னை அறுவது நிக்குது, கொஞ்சம் மா, மீதி எல்லாம் சீமைக்கருவேலம் ஏறிக் கெடக்கு. கை வேலைக்குன்னு திருப்பாச்சேத்தி போயி ஒரு வெட்டருவா அடிச்சு வாங்கிட்டு வந்தேன், பிடியோட சேத்து ஒண்ணரை அடிக்கு மேல வரும், நுனி நல்லா கிளி மூக்கு மாதிரி வளைஞ்சது, கனமா இருக்கு.

போன வாரம் காஞ்ச கருவைக் கொம்பு ஒண்ண ஓங்கி வெட்டுனேன். அருவா உள்ள எறங்காம மேலயே வழுக்கி நேரா என் வலது கால் பக்கம் வந்துருச்சு, பேன்ட் கிழிஞ்சு மொழங்காலுக்குக் கீழ தோல்ல கோடு போட்ட மாதிரி ஒரு கீறல். இன்னும் ஒரு நூல் உள்ள வந்திருந்தா எலும்புல எறங்கியிருக்கும். அன்னைலேர்ந்து அருவாவ எடுக்கவே கை நடுங்குது, ஆனா எடுக்காம தோப்பு வேலை ஓடாது.

எனக்கு இடதுகைப் பழக்கம். அப்பா இல்ல, சொல்லித்தர வீட்டுல ஆளில்ல, பக்கத்துத் தோப்புக்காரர் செஞ்சு காட்டுனாரு, ஆனா அவரு வலதுகை, அவரு நிக்கிறத பாத்து அப்படியே நின்னதுல தான் தப்பு வந்துச்சோன்னு தோணுது. எப்படி நிக்கணும், எப்படிப் புடிக்கணும்? வளைவுக்கு உள்பக்கம் கல்லு போக மாட்டேங்குது, எப்படித் தீட்டுறது? வீட்டுல நாலு வயசுப் பொண்ணு இருக்கா, எங்க வைக்கிறது? எளநி சீவவும் பழகணும். தெரிஞ்சவங்க பொறுமையா சொல்லுங்க.

வரப்புமேட்டுக்காரன்:

தம்பி, மொதல்ல கால் தப்பிச்சதுக்கு சாமிக்கு ஒரு கும்புடு போட்டுக்க. நான் சிவகங்கைப் பக்கம் தான், முப்பது வருஷமா இந்த அருவாவோட கெடக்குறேன், எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

நீ நின்ன நிலை தான் தப்பு. வலதுகைக்காரன் ஓங்கி வெட்டுனா அருவா வலது மேல இருந்து எடது கீழ வந்து முடியும், அதனால அவன் எடது கால பின்னாடி வச்சிருப்பான். உனக்கு எல்லாமே மாறும், எடது மேல இருந்து வலது கீழ வரும், நீ வலது கால முன்னாடி நீட்டி வச்சுக்கிட்டு வெட்டியிருக்க, வழுக்குனா அங்க தான வரும். வலது கால பின்னாடி எடு, எடது கால முன்னாடி வையி. அதவிட முக்கியம் ஒண்ணு இருக்கு, வெட்டு எறங்காட்டி இந்த அருவா எங்க போயி நிக்கும்னு ஓங்குறதுக்கு முன்னாடியே பாத்துடணும். போற பாதையில உன் காலும் இருக்கக் கூடாது, அடுத்தவன் காலும் இருக்கக் கூடாது. படுத்துக் கெடக்குற மரத்துல கொப்புக் கழிக்கும்போது மரத்துக்கு இந்தப் பக்கம் நீ நில்லு, அந்தப் பக்கத்துக் கொப்ப வெட்டு. உனக்கும் அருவாவுக்கும் நடுவுல மரம் இருந்தா வழுக்குனாலும் மரத்துல தான் அடிக்கும்.

ரெண்டாவது, காஞ்ச கருவைய அருவாவால வெட்டாத. பச்சைக் கருவை மணிக்கட்டு மொத்தம் வரைக்கும் ரெண்டு வெட்டுல விழும், அதே கருவை காஞ்சா இரும்பு மாதிரி, அதுக்கு கோடாலியோ ரம்பமோ தான். நேர் குறுக்க வெட்டுனாலும் எறங்காது, சாய்ச்சு விழணும். நின்ன செடிய வெட்டும்போது மேல இருந்து சாய்வா கீழ நோக்கி ஒரு வெட்டு, சரிஞ்சதும் அதே எடத்துல இன்னொண்ணு.

அந்த வளைவு எதுக்குன்னு யாரும் சொல்லிக் குடுக்குறதில்ல. கொம்பு வழுக்கி வெளிய ஓடாம உள்ள புடிச்சு நிறுத்துறதுக்குத் தான் அது. வளைவு ஆரம்பிக்கிற எடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி கொம்பு படணும், அங்க தான் கனமும் இருக்கு. நுனியில படுற மாதிரி தூரமா நின்னு வெட்டுனா தான் இப்படி வழுக்கும், நீ தூரத்துல நின்னிருப்பன்னு நெனைக்கிறேன்.

புடி விஷயம். பயந்து போயி இறுக்கிப் புடிச்சா கை சீக்கிரம் அசந்துரும், அசந்த கையில தான் அருவா திரும்பும். சுண்டு விரலும் மோதிர விரலும் பிடியோட கடைசி முட்டு கிட்ட நல்லா சுத்தி இருக்கட்டும், மத்த விரல் லேசா இருக்கலாம், படுற நேரத்துல மட்டும் இறுக்கு. கட்டை விரல பிடி மேல நீட்டி வைக்காத, சுத்திப் புடி. வேர்த்தா கொஞ்சம் புழுதி மண்ண எடுத்துக் கையில தேச்சுக்க. அருவா புடிக்கிற கைக்கு க்ளவுஸ் போடாத, வழுக்கும். கொம்பு புடிக்கிற கைக்கு வேணா போடு, கருவை முள்ளு எறங்காது.

ஓங்குறதுக்கு முன்னாடி அருவாவ நீட்டி மெதுவா ஒரு சுத்து சுத்திப் பாரு, கொடி, கம்பி, தொங்குற மட்டை எதுவும் இருக்கான்னு. அந்த மூக்கு இருக்கே அது கொடியில மாட்டுச்சுன்னா அருவா எந்தப் பக்கம் திரும்பும்னு யாராலயும் சொல்ல முடியாது.

நாலுரோடு:

தீட்டுறதுக்கு இவ்வளவு யோசிக்க வேணாம் ப்ரோ, கையில புடிக்கிற கிரைண்டர் மெஷின் ஒண்ணு வாங்கி உப்புத்தாள் டிஸ்க் போட்டு ஓட்டுங்க, ரெண்டு நிமிஷத்துல சவரம் பண்ற அளவுக்கு வரும், நான் அப்படித் தான் பண்றேன், வளைவுக்குள்ளயும் போகும்.

உலைக்களத்துப் பையன்:

நாலுரோடு அண்ணே, கோவிச்சுக்காதீங்க, அத மட்டும் பண்ண வேணாம்னு சொல்லுவேன். எங்க அப்பா, தாத்தா ரெண்டு பேரும் கொல்லுப்பட்டறை, நான் சின்ன வயசுல துருத்தி போட்டவன், அதனால சொல்றேன்.

இந்த அருவா எல்லாம் பெரும்பாலும் பழைய லாரிப் பட்டையில தான் அடிக்கிறோம், ஸ்பிரிங் பட்டை. அத உலையில பழுக்க வச்சு சம்மட்டியில அடிச்சு உருவம் கொண்டு வந்து, கடைசியில வாய்ப்பக்கம், அதாவது வெட்டுற ஓரம் மட்டும் தண்ணியில தோய்ப்போம், முதுகு வெளிய இருக்கும். வெளிய எடுத்ததும் முதுகுல இருக்குற சூடு மெதுவா வாய்க்கு எறங்கும், அப்ப இரும்பு மேல நெறம் ஓடும் பாருங்க, மொதல்ல வைக்கோல் நெறம், அப்புறம் செம்பழுப்பு, அப்புறம் ஊதா, நீலம். எந்த நெறத்துல நிறுத்தணும்னு கண்ணுக்குத் தெரிஞ்சவன் தான் கொல்லன். அப்படிச் செஞ்சா வாய் கெட்டியா இருக்கும், முதுகு அடி தாங்கும்.

இப்ப கிரைண்டர வச்சு வாய ஓட்டுனா மெல்லிசான அந்த ஓரம் ஒரு நொடியில சூடாயிரும். ஓரம் நீலமா மாறுச்சுன்னா அந்த எடத்துல பதம், அதாவது தோய்ச்சு ஏத்துன கெட்டி போச்சு, அப்புறம் எவ்வளவு தீட்டுனாலும் நாலு வெட்டுல மழுங்கும். மெஷின் தான்னா பக்கத்துல வாளியில தண்ணி வச்சுக்கிட்டு, கையில தொட்டா சுடுற வரைக்கும் விடாம ஒவ்வொரு இழுப்புக்கும் நனைக்கணும். அவ்வளவு பொறுமை இருக்குறவங்க கல்லுலயே தீட்டிரலாம்.

தோப்புக்குத் திரும்பினவன் அண்ணே, உங்க வளைவுக்குத் தட்டைக் கல்லு போகாது தான். ஹார்டுவேர் கடையில அரைவட்ட அரம் கேளுங்க, ஒரு பக்கம் தட்டையா ஒரு பக்கம் உருண்டையா இருக்கும், கூடவே படகு மாதிரி ரெண்டு முனையும் கூரான தீட்டுக்கல்லு, அது விலை ரொம்பக் கம்மி. அருவாவக் கையில புடிச்சுக்கிட்டுக் கல்லுல தேய்க்காதீங்க, மாத்திச் செய்யணும். அருவாவோட முதுக ஒரு கட்டை மேல வச்சு பிடிய கால்ல மிதிச்சுக்குங்க, வாய் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பாக்கட்டும், அருவா ஆடக் கூடாது, கல்லு தான் நகரணும். பிடிப்பக்கத்துல ஆரம்பிச்சு வளைவோடயே நுனி வரைக்கும் ஒரே சாய்வுல கொண்டு போங்க, ரெண்டு பக்கமும் எண்ணி ஒரே அளவு. ரொம்ப மெல்லிசா எடுத்துடாதீங்க, வெட்டருவா வாய் கொஞ்சம் தடிப்பா இருந்தா தான் கொம்புல பொரியாது, அதாவது சில்லு சில்லாப் பேந்து போகாது.

அரம் போடும்போதே பதம் தெரிஞ்சுரும். அரம் கொஞ்சம் கொஞ்சமாக் கடிச்சு எடுத்தா நல்ல பதம். வழுக்கிக்கிட்டே போச்சுன்னா பதம் ஏறிருச்சு, வாய் பொரியும். சோப்பச் சீவுற மாதிரி வந்துச்சுன்னா பதமே ஏறல, அடிச்ச பட்டறைக்கே கொண்டு போங்க, திரும்பத் தோய்ச்சுக் குடுப்பாங்க.

கூர் இருக்கான்னு கட்டை விரல வச்சு இழுத்துப் பாக்காதீங்க. வெயில்ல வாய உங்களப் பாத்து நிமித்திப் புடிங்க, மழுங்குன எடம் வெள்ளைக் கோடா மின்னும். கூரான வாயில வெளிச்சமே நிக்காது, எடம் தெரியாது.

பிடியையும் பாருங்க. பிடிக்குள்ள எறங்குற இரும்புக் காம்பு ஆடுதா, பிடியச் சுத்தி இருக்குற பூண் வளையம் லூசா இருக்கான்னு ஒவ்வொரு தடவ எடுக்கும்போதும் ஒரு ஆட்டு ஆட்டிப் பாக்கணும். சில பேரு லூசான பிடிய ராத்திரி தண்ணியில ஊறப் போடுவாங்க, மரம் ஊதி இறுகும், ரெண்டு நாள்ல காஞ்சதும் பழையபடி ஆடும், அத நம்பி ஓங்கக் கூடாது. அரக்க உருக்கி ஊத்திக் காம்பச் சூடு பண்ணி எறக்கணும், இல்ல பிடியையே மாத்திரணும். அப்புறம் கட்டையில அருவா சிக்கிக்கிச்சுன்னா பக்கவாட்டுல நெம்பாதீங்க, வாய் பொரிஞ்சு போறது பாதி அதுல தான். பிடியோட நுனிய மேலயும் கீழயும் அசைச்சு உருவுங்க.

கதிரறுத்த கை:

தம்பி, நான் மன்னார்குடிப் பக்கம். நானும் இடதுகை தான்பா, அதனால இத எழுதாம இருக்க முடியல. சின்னப் பொண்ணா இருந்தப்ப கதிரறுக்க எறங்குனேன், எல்லாரும் ஒரு வரிசை போனா நான் எதிர்வரிசை மாதிரி நிப்பேன், பக்கத்துல அறுக்குறவ கையும் என் கையும் ஒரே எடத்துக்கு வரும், அதுல திட்டு வாங்காத நாளில்ல. கருக்கருவாவுக்குப் பல்லு ஒரு பக்கத்துல தான் வெட்டியிருப்பாங்க, வலதுகைக்கு அது சரியாப் படியும், நம்ம கையில தாளு மேல ஏறி வழுக்கும். நான் வருஷக்கணக்கா என் கை தான் சரியில்லன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஆசாரி ஒருத்தரு பாத்துட்டு, மறுபக்கம் கருக்கு வெட்டித் தாரேம்மான்னு வெட்டிக் குடுத்தாரு, அன்னைக்கு அறுத்த அறுப்பு இன்னும் கையில ஞாபகம் இருக்கு. புல்லறுக்க நீ பன்னருவாவோ கருக்கருவாவோ வாங்குறப்ப மொதல்லயே சொல்லிரு, இடதுகைன்னு. உன் வெட்டருவா ரெண்டு பக்கமும் சாணை புடிச்சதா இருந்தா பிரச்சினை இல்ல.

புல்லு அறுக்கும்போது வெட்டாத, இழு. ஒரு கை கொத்தாப் புடிக்கிறது, அதுக்கு ஒரு சாண் கீழ அருவா. கட்டை விரல் மேல இருக்குற மாதிரி புடிச்சா சுண்டு விரல் தான் அடியில இருக்கும், மாட்டுறதும் அது தான், என் சுண்டு விரல்ல மூணு தழும்பு இருக்கு. அவசரப்பட்டுக் கொத்தப் பெருசாப் புடிச்சா தான் கீழ என்ன இருக்குன்னு தெரியாமப் போகும்.

பொண்ணு இருக்கான்னு சொன்னியே. எங்க வீட்டுல எறவானத்துல சொருகி வைக்கிற பழக்கம், இப்ப நெனச்சா பயமா இருக்கு, காத்துல விழுந்தா யாரு தலையில விழும்? சொட்டு நீர்ப் பாசன டியூப், இல்ல பழைய தண்ணி ஓஸ் ஒண்ண நீளவாக்குல கீறி வாய்ல மாட்டு, வளைவுக்கும் அது வளைஞ்சு குடுக்கும், மேல சைக்கிள் டியூப் துண்டால ஒரு கட்டு. அப்புறம் பூட்டுப் போடுற எடத்துல வை. அருவாமணையும் அப்படித் தான்பா, அதுவும் வளைஞ்ச அருவா தான, வேலை முடிஞ்சதும் படுக்கப் போட்டு வாய செவத்துப் பக்கம் திருப்பி வைக்கிறது எங்க அம்மா பழக்கம். பொண்ணு பக்கத்துல வந்தா அறுக்குறத நிறுத்திட்டுக் கீழ வச்சுட்டு அப்புறம் பேசு. ஒருத்தருக்குக் குடுக்குறப்பவும் கைக்குக் கை குடுக்காம கீழ வச்சு எடுத்துக்கச் சொல்லு, எங்க பக்கம் பெரியவங்க அப்படித் தான் பழக்குனாங்க.

அந்தக் கீறலுக்கு ஊசி போட்டியா இல்லியா? மண்ணுல கெடக்குற அருவா, டிடி ஊசி, அதான் தனுர்வாத ஊசி எப்ப போட்டோம்னு நெனப்பு இல்லன்னா இன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போயிரு. இனிமே எப்பவாவது வெட்டுப்பட்டா காபித்தூள், சுண்ணாம்புன்னு எதையும் அப்பாத, ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணிய மடிச்சு அமுக்கிப் புடிச்சு கைய ஒசத்தி வச்சுக்க. விரல் துண்டாப் போச்சுன்னா, சொல்லவே வாய் வரல, ஆனா தெரிஞ்சிருக்கணும், துண்ட ஈரத்துணியில சுத்தி பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டி அந்தக் கவரத் தான் ஐஸ் மேல வைக்கணும், துண்டு நேரா ஐஸ்ல படக் கூடாது.

பனங்காட்டான்:

நான் உடன்குடிப் பக்கம், எங்க வீட்டுல மூணு தலைமுறை பனையேறி. வெட்டருவா பத்தி அண்ணாச்சி நல்லாவே சொல்லிட்டாவ, நான் பாளை அருவா பத்தி ஒண்ணு மட்டும் சொல்லிக்கிடுதேன்.

பதநீ எறக்க தினமும் காலையிலயும் சாயங்காலமும் மரம் ஏறிப் பாளைய சீவணும், சீவுற சீவல் காகிதம் மாதிரி மெல்லிசா வரணும், தடிச்சாப் போச்சுன்னா பாளை சீக்கிரம் தீந்துரும், கூர் கொறைஞ்சா நசுங்கி பதநீ நின்னுரும். அதனால எங்க அப்பா அந்த அருவாவால வேற ஒண்ணையுமே வெட்ட விட மாட்டாவ, ஒரு ஓலைக்கீத்தக் கூட. மரத்துல ஏறும்போதும் கையில புடிக்கிறது கெடையாது, இடுப்புல அருவாப்பெட்டி கட்டி அதுக்குள்ள தான் வாய் கீழ பாத்தாப்ல கெடக்கும், அம்புட்டு ஒசரத்துல கை ரெண்டும் மரத்துக்கு வேணும்லா. நீங்களும் தோப்புக்குள்ள நடக்கும்போது முதுகுப்பக்கம் இடுப்புல சொருகாதிய, சறுக்கி உக்காந்தா என்ன ஆவும்னு யோசிங்க. ஒறை தச்சுக் கட்டுங்க, இல்லன்னா பிடியப் புடிச்சு வாய் கீழயும் வெளியயும் பாக்க கைய தொங்கப் போட்டு நடங்க, விழப் போறோம்னு தெரிஞ்சா ஒடம்ப விட்டுத் தள்ளி வீசிரணும், அத மட்டும் புடிச்சுக்கிட்டே விழக் கூடாது.

எளநி கேட்டியளே. ரோட்டோரத்துல உள்ளங்கையில வச்சு சீவுறத பாத்துட்டு அப்படி ஆரம்பிச்சிராதிய, அவிய கை வருஷக்கணக்கா பழகுன கை. ஒரு புளியங்கட்டைய மொழங்கால் ஒசரத்துக்குப் போட்டு, காய அதுல நிறுத்தி, வலது கை காயோட அடிப்பக்கம், எடது கையில அருவா. காயத் தான் திருப்பணும், அருவா ஒரே எடத்துல ஒரே சாய்வுல எறங்கிக்கிட்டு இருக்கணும், ஒரு தடவைக்கு ஒரு சீவல், கண்ணு தெரிஞ்சதும் நுனியால ஒரு கொத்து. முத்தின தேங்கா ஒடைக்க வாய்ப்பக்கம் வேணாம், முதுகால நடு வயித்துல சுத்திச் சுத்தித் தட்டுங்க, ரெண்டாப் பொளக்கும்.

வாழையோ மாங்கொப்போ வெட்டுனா அன்னைக்கே கழுவிருங்க, பால் பட்டா கறுத்துத் துருப்புடிக்கும். துடைச்சு ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெ.

தோப்புக்குத் திரும்பினவன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு தடவ படிச்சேன். அக்கா, நேத்தே போயி ஊசி போட்டுட்டேன், கடைசியா எப்ப போட்டேன்னு எனக்கு நெனப்பே இல்ல. இன்னைக்குக் காலையில வலது கால பின்னாடி வச்சு, கிட்ட நின்னு, பச்சைக் கருவை மட்டும் ஒரு மணி நேரம் வெட்டுனேன், வளைவுக்கு முன்னாடி படும்போது சத்தமே வேற மாதிரி வருது, ஒரு தடவ வழுக்குச்சு, ஆனா மண்ணுல போயி நின்னுச்சு. தீட்டிப் பாத்தேன், அரம் நல்லா கடிக்குது, நுனி கிட்ட மட்டும் ரெண்டு எடத்துல பொரிஞ்சிருக்கு, அது அந்தக் காஞ்ச கொம்பு வேலை. ஓஸ் மாட்டி பரண் பெட்டியில பூட்டு போட்டாச்சு.

ஒரு சந்தேகம். பொரிஞ்சத சரி பண்ண பட்டறைக்கு பஸ்ல எடுத்துட்டுப் போகலாமா, போலீஸ் புடிச்சா என்ன சொல்றது?

வரப்புமேட்டுக்காரன்:

1959 ஆயுதச் சட்டத்துலயே வீட்டு உபயோகத்துக்கும் வெவசாயத்துக்கும்னே செஞ்ச சாமான ஆயுதத்துல சேக்கல தம்பி. ஆனா நம்ம மாவட்டத்துல அருவா வச்சு நடந்ததெல்லாம் தெரியும்ல, அதனால கேள்வி வரத் தான் செய்யும், கேக்குறதும் நியாயம். 2021 செப்டம்பர்ல இருந்து வாங்குறவன் பேரு, அட்ரஸ் எழுதி வைக்கணும்னு பட்டறைகளுக்கு போலீஸ் சொல்லியிருக்கு, நீ வாங்குனப்பவும் கேட்டிருப்பாங்க. ஓஸ் மாட்டி, சாக்குல சுத்தி, கயிறு போட்டுக் கட்டி பைக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போ. பகல்ல நேரா பட்டறை, பட்டறையில இருந்து நேரா வீடு, நடுவுல கடைத்தெருவுல சுத்தாத. கேட்டா பட்டறைப் பேரையும் உன் தோப்பு எங்க இருக்குன்னும் சொல்லு.

பொரிசல் ஒரு நெல்லு அளவுக்குள்ளன்னா பட்டறைக்கே போக வேணாம்னு நெனைக்கிறேன், தம்பி உலைக்களம் என்ன சொல்றாப்ல?

உலைக்களத்துப் பையன்:

நெல்லு அளவுன்னா அரத்துலயே எடுத்துரலாம் அண்ணே. பொரிஞ்ச எடத்த மட்டும் தேய்ச்சா அங்க பள்ளம் விழுந்துரும், ரெண்டு பக்கமும் நாலு விரக்கடை தள்ளி சேத்துத் தேய்ங்க, வளைவு மாறாம வரும். அதுக்கு மேல இருந்தா ஒரு போட்டோ போடுங்க, பாத்துச் சொல்றேன்.